அகழிப் பாலத்தில் ஏறிய பேண்டு

காலையில் எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவி, சீஸ் வைத்து, நின்றபடியே தின்றேன். சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். அன்று பாலத்தின் திறப்பு விழா.

லைடன் நகரின் அகழி மேல், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டுமான பாலம். வரைந்தவள் என் மனைவி லீஸ்பெத். தாங்குமா என்று கணக்குப் போட்டவன் நான். பழைய கோட்டை வாசலை மறைக்கக்கூடாது என்று நகராட்சியில் சொன்னார்கள். அதனால் மிக மெல்லிதாக வரைந்தாள். கூட்டம் ஒரே தாளத்தில் நடந்தால் அது பக்கவாட்டில் ஆடும். விழாமலிருக்க எல்லோரும் ஆட்டத்துக்கேற்பக் கால் வைப்பார்கள். ஆட்டம் கூடும். ஆட்டத்தை அடக்கப் பாலத்தின் அடியில் மாட்டவேண்டிய எடைகள் இன்னும் வந்து சேரவில்லை. லீஸ்பெத் மார்ச்சில் புற்றுநோயில் இறந்துவிட்டாள்.

விழாவைத் தள்ளிப்போடச் சொன்னேன். அவள் அப்பா கேர்ட் விடவில்லை. "பாலத்த முடிச்சிருன்னு சொல்லிட்டுத்தான் எம் பொண்ணு கண்ண மூடினா" என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அதன் பிறகு யார் மறுப்பார்கள்? ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, பேண்டு வாத்தியக்காரர்கள் கரையிலேயே நிற்பது என்று முடிவானது.

பேண்டில் பெரிய மேளம் கேர்டுடையது.

"மாமா, பாலத்துல ஏறிடாதீங்க."

"ஏன், அட்டையிலயா கட்டி வெச்சிருக்க?"

"வாசிங்க. நடக்க வேணாம்."

"நின்ன எடத்துல நின்னு வாசிக்க இதென்ன எழவு வீடா?"

பக்கத்தில் டிராம்போன் ஊதுகிறவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரிப்பன் வெட்டியதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தின் நடுவுக்குப் போனேன். பின்னால் மேளம் கேட்டது. பாலத்தின் மேலேயே கேட்டது. பேண்டுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் தாளத்துக்குக் கால் போட்டு வந்தது.

முதலில் உள்ளங்காலில் தெரிந்தது. பிறகு கைப்பிடி நகர்ந்தது. குழந்தைகள் சிரித்தார்கள். ஒரு பெண் இரண்டு கையாலும் கம்பியைப் பற்றிக்கொண்டாள். கத்தினேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் காலை அகட்டி, ஒன்றாக இடம், ஒன்றாக வலம் சாய்ந்தார்கள்.

சைக்கிளைக் குறுக்கே தள்ளிவிட்டேன்.

கேர்ட் அதில் இடறி மேளத்தோடு விழுந்தார். பின்னால் வந்தவர்கள் முட்டி மோதி நின்றார்கள். பாட்டு அறுந்தது.

"பாவி! முட்டி போச்சுடா! பைத்தியமா உனக்கு?"

"பேசாம தரையில கைய வைங்க மாமா."

வைத்தார். பாலம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது மெல்ல மெல்ல அடங்கும் வரை அவர் கையை எடுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

ஒவ்வொருவராகக் கரைக்கு அனுப்பினோம். போலீஸ் பாலத்தை மூடியது. கேர்ட் கரைப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ அப்பிடிச் சொல்லல, இல்ல?"

"இல்ல."

"நான் வர்றதுக்குள்ள போயிட்டா. அப்பிடித்தான் சொல்லியிருப்பான்னு நானா நெனச்சுக்கிட்டேன். என்னதான் சொன்னா?"

கடைசி ராத்திரி அவள் கட்டில் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து இந்த ஆட்டத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

"அத மூடி வெச்சிட்டு இங்க வந்து படு. குளிருது."