கல்லறைக்குள் புதுக் குடித்தனம்

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவில் இங்கா டிரெவரின் மாட்டு மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஐயாயிரம் வருஷத்துக் கல்லறை மேடு ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே போக வேண்டுமானால் குறுகலான கல் வழியில் வயிற்றால் ஊர்ந்தாக வேண்டும். அவள் புருஷன் மான்சிக்கோ பானைத் தொந்தி. சாகும்வரை தலையை மட்டும் விட்டுப் பார்த்து ஏங்கியவர், “சாம்பலாவது உள்ள போகட்டும்டி” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

இங்கா தொல்பொருள் துறைக்கு முறைப்படிதான் விண்ணப்பித்தாள். ‘செய்யவிருக்கும் வேலை’ என்ற இடத்தில் ‘புருஷனை உள்ளே வைப்பது’ என்று எழுதினாள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்று பதில் வந்தது.

“புதுசாமே! எழுபத்தெட்டு வயசுக் கிழத்தைப் புதுசுங்கறானே, கட்டையில போறவன்!”

கடிதத்தை அடுப்பில் போட்டாள். மறுநாள் காலை சாம்பல் இருந்த பிஸ்கட் டப்பாவோடு ஊர்ந்து போய், கடைசி அறையின் மண் தரையில் அவரைக் கொட்டிப் பரப்பினாள். மேலே அவருடைய புகைக்குழாயையும் வைத்தாள்.

“குறட்டை விட்டுத் தொலைக்காதே. சுத்தி ஆளுங்க தூங்கறாங்க.”

கோடையில் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தவன் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்த எர்லண்ட். அந்தப் பதிலில் கையெழுத்துப் போட்டவனும் அவனேதான். முழங்காலெல்லாம் சேறாக வெளியே வந்தான்.

“இங்காம்மா, உள்ள சாம்பல் கிடக்கு.”

“எந்தக் காலத்துதோ.”

“மேல மான்சி மாமாவோட புகைக்குழாய் இருக்கே!”

“கற்காலத்தான் புகை பிடிக்கலன்னு நீ கண்டியா?”

வாய்தான் நீண்டதே தவிர, அவளுக்குப் பயம்தான். அள்ளி எடுத்துப் போ என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

“மரியாதையா அள்ளிட்டு...” என்று ஆரம்பித்த எர்லண்ட் சட்டென்று நிறுத்தித் தலையைச் சொறிந்தான். “அள்ளவும் முடியாது. மண்ணோட கலந்துடுச்சு. அங்க ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தாலும் குத்தம். அதுக்குத் தனி அனுமதி வேணும்.”

“யாரு கேக்கணும்?”

“நிலத்துக்காரங்க.”

“நாந்தானே? கேக்க மாட்டேன் போ!”

எர்லண்ட் ஆய்வுத் தாளை எடுத்தான். அதில் ‘தரை கலைக்கப்படவில்லை’ என்று குறித்துக்கொண்டு காரில் ஏறினான்.

இங்கா கல்லறை வாசலில் மண்டியிட்டாள். “ஏய்யா மான்சி! இனி உன்னை அரசாங்கமே நினைச்சாலும் கிளப்ப முடியாது!” என்று கத்திச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத வீடு.

“உனக்கு நான் ஊர்ந்தேன். எனக்கு எவன்யா ஊருவான்?”