அடிக்காத மணி

ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் விஹ்ராவுக்குக் கை அரிக்கும். ப்ளோவ்திவ் நகரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு அவள் குழு எழுதிய மென்பொருளில் ‘அனுப்பு’ என்ற ஒரே பெயரில் இரண்டு செயல்கள் இருந்தன. சாதாரணச் செய்தியை ஒன்று திரையில் சத்தமில்லாமல் காட்டும். ஆபத்துச் செய்தி என்றால் மற்றது மணியடிக்கும். எதைக் கூப்பிடுவது என்பதைச் செய்தியின் வகையைப் பார்த்து, நிரலைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் முடிவுசெய்யும்.

விஹ்ரா இரண்டுக்கும் முன்னால் பொதுவாக ஒரு செயலை வைத்தாள். எந்த வகையும் உள்ளே வரலாம், அது ‘செய்தி’ இனமாக இருந்தால் போதும் என்பது நிபந்தனை. தப்பு என்று கம்பைலர் சிவப்புக் கோடு போடவில்லை. அந்த மகராசன் எப்படிப் போடுவான்? ஆபத்துச் செய்தியும் ‘செய்தி’ இனம்தானே. வந்திருப்பது ஆபத்தா என்று பார்க்காமல், நிபந்தனையில் இருந்த ‘செய்தி’யை மட்டும் நம்பி, எல்லாவற்றையும் சத்தமில்லாத ‘அனுப்பு’க்கே தள்ளிவிட்டான். விஹ்ரா சோதித்துப் பார்த்ததும் சாதாரணச் செய்திகளை மட்டும்தான்.

செவ்வாய் மதியம் இல்லத்தில் ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து ஆபத்துப் பொத்தானை அழுத்தினார். வெகுநேரம் யாரும் வரவில்லை. விழுந்ததில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பணியிலிருந்த செவிலி ஸ்தோயங்கா தூங்கிவிட்டாள் என்று சொல்லி வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

விஷயம் காதுக்கு வந்ததும் விஹ்ரா தான் எழுதியதைத் தோண்டிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தாள். குழுத் தலைவர் ஓக்னியானிடம் ஓடினாள்.

“மணி அடிக்கவே இல்ல சார். தப்பு என்னோடது.”

அவர் பனித்ஸாப் பலகாரத்தை மென்றபடியே கதவைச் சாத்தினார். “கத்தாத. கமுக்கமா திருத்திடு. தூங்கிட்டேன்னு அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களாம். நீ எதுக்கு வலியப் போய்த் தலையக் குடுக்கற?”

திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒருத்தியின் பிழைப்பே போய்விட்டதே!

அவள் இல்லத்துக்குப் போனபோது ஸ்தோயங்கா தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்க தூங்கல. மணிதான் அடிக்கல. நான் எழுதினதுல தப்பு.”

ஸ்தோயங்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“மொதல்ல நானும் அதத்தான்மா சொன்னேன். ஆளாளுக்குக் கேக்கக் கேக்க, தூங்கித்தான் இருப்பேனோன்னு எனக்கே தோணிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெரியவர் கையப் புடிச்சு அழுதேன். அவரும் மன்னிச்சிட்டாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு விஹ்ராவை நிமிர்ந்து பார்த்தாள். “உனக்கு வர வேண்டிய மன்னிப்ப நான் வாங்கிட்டு வந்துட்டேனே.”

“வாங்கக்கா, மேலாளர்கிட்ட நானே சொல்றேன்,” என்றாள் விஹ்ரா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறையை நோக்கி முன்னால் நடந்தாள்.