பசித்திருக்க வேண்டிய மண்

"மழைக்குக் காசு கட்டறோமே, அது கடவுளுக்குப் போகுதா, கவுன்டி ஆபீசுக்குப் போகுதா?"

ஞாயிறு வகுப்பில் ஜோனெல் என்ற சின்னப் பெண் ஒருமுறை இப்படிக் கேட்டபோது வெர்லீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கடவுள் மழைய சும்மாதான் குடுக்கறார் கண்ணு. அது நம்ம தார்த் தரையில விழுந்து அழுக்கோட ஓடைக்குப் போகுது பாரு, அதுக்குத்தான் கவுன்டி காசு கேக்குது" என்றாள்.

அந்த மழை வரியிலும் பாதியைக் குறைத்துக் கொடுத்தவள் அவளேதான். தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் தண்ணீர் வடிந்து சேரும் இரண்டு மூலைகளிலும், கட்டில் அகலத்துக்கு, மணல் கலவை நிரப்பிச் செடி வைத்த பாத்திகள் இருந்தன. அழுக்குத் தண்ணீர் அதில் இறங்கும். ஓடையில் பாசியைப் பெருக்கும் பாஸ்பரஸ் என்ற உரச்சத்தை மண் பிடித்துக்கொள்ளும். தெளிந்த நீர் அடியிலிருக்கும் குழாய் வழியாக ஓடைக்குப் போய் விரிகுடாவில் சேரும். அப்படித் தடுத்த அழுக்கின் அளவுக்கு ஏற்ப கவுன்டி நிர்வாகம் கிரெடிட் என்று வரித் தள்ளுபடி கொடுத்தது. மழை வரி குறைந்தது. மிச்சப்பட்டதில் சபையின் தனித்த முதியவர்களுக்குக் குளிர்காலத்தில் கணப்பு எண்ணெய் வாங்கினார்கள். இதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய வெர்லீன், அந்தப் பாத்திகளைத் தன் வயிற்றில் பிறந்தவையாகவே நினைத்திருந்தாள்.

பிறகு மேவிஸ் வந்தாள். பால்டிமோரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்தக் கரைக்குக் குடிவந்தவள். "ஒரு பாத்திய நான் பாத்துக்கவா சிஸ்டர்?" என்று கேட்டு மேற்கு மூலையை எடுத்துக்கொண்டாள். தினமும் மாலையில் வந்து, ஏதோ கீர்த்தனையை முனகிக்கொண்டே களை பிடுங்கினாள். இரண்டாம் கோடையில் அங்கே செக்கச்செவேலென்று பூக்கதிர்கள் எழுந்தன. தேன் குடிக்க ரீங்காரச் சிட்டுகள் வந்தன. போதகர் காட்மன் பிரசங்கத்தின் நடுவில் அந்தச் சிட்டுகளைப் பற்றிப் பேசினார். மேவிஸின் பெயரைச் சொன்னார். முதல் வரிசையில் இருந்த வெர்லீன் விசிறி அட்டையை வேகமாக வீசிக்கொண்டாள்.

வெர்லீனின் கிழக்குப் பாத்தி வழக்கம்போல் ஒல்லியாகவே நின்றது. சபைச் சொத்துகளைக் கவனிக்கும் லின்வுட் வாய் சும்மா இருக்காதவர். "என்ன சிஸ்டர், மேற்கால கல்யாண வீடா இருக்கு, உங்க பாத்தி மட்டும் உபவாசமா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேவிஸ் சிரிக்கவில்லை. அதுதான் வெர்லீனுக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த வசந்தத்தில் வெர்லீன் தன் கணவனின் தம்பி பர்னெலின் கோழிப் பண்ணைக்குப் போய், காய்ந்த எருவை மூட்டை கட்டி வாங்கி வந்தாள். பாத்தியின் மேல் மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்தாள். அந்தக் கரையில் கோழி எரு போட்டால் எதுவும் வளரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மண்ணென்றால் ஊட்ட வேண்டும் என்றே வளர்ந்த கை அவளுடையது. செடிகள் இடுப்பளவு எழுந்தன. "அடடா, உபவாசம் முடிஞ்சுதா!" என்றார் லின்வுட். அந்தக் கோடை முழுவதும் மேற்குப் பக்கம் தலையைத் திருப்பாமலே வண்டியை நிறுத்தினாள் வெர்லீன்.

ஆகஸ்டில் ஒரு பெருமழைக்குப் பிறகு கவுன்டியிலிருந்து டாஷியல் என்ற பெண் வந்து குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனாள். இரண்டு பாத்திகளுக்கும் ஒரே குழாய்தான். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவள், லின்வுட்டையும் இரண்டு பெண்களையும் வெயிலிலேயே நிறுத்திப் பேசினாள்.

"உள்ள போறதவிட வெளிய வர்ற தண்ணியில பாஸ்பரஸ் ஜாஸ்தியா இருக்கு. இந்த மண்ணு பசியோட இருக்கணுங்க. அப்பதான் வர்றதப் பிடிச்சு வச்சுக்கும். யாரோ இதுக்கு விருந்து வச்சிருக்காங்க. மண்ண மாத்துங்க. அடுத்த தடவையும் இப்படியே வந்தா கிரெடிட் போயிடும். என்ன போட்டீங்க, யாரு போட்டது?"

வெர்லீன் குனிந்து செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"தோட்டக்காரங்க கை சும்மா இருக்குமா?" என்றாள் மேவிஸ். "நாங்கதாம்மா. சரி பண்ணிடறோம்."

நாங்க. அந்த ஒரு சொல்லுக்குள் வெர்லீனையும் இழுத்து நிழலில் நிறுத்திவிட்டாள். ஆனால் சபையார் அந்தச் சொல்லை அப்படியே விடவில்லை. "வெர்லீன் போடுவாளா? இதெல்லாம் கொண்டுவந்ததே அவதானே" என்றார்கள். "பட்டணத்துப் பூவு ஜெபத்துல மட்டும் இப்படி வளருமா?" என்றார் லின்வுட். செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் ஆட்களை வைத்து மேற்குப் பாத்தியைத் தோண்டி எடுப்பதென்று முடிவாயிற்று.

வெர்லீன் அதைக் கேட்டபோது மனத்தில் முதலில் இனிப்புத்தான் ஊறியது. அதை மறைக்க முடியாது. பொறாமை என்பது தன் வீடு எரிந்தாலும் பக்கத்து வீட்டுப் புகையைப் பார்த்து மகிழும். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில்தான் அந்த இனிப்பு கசந்தது. ஜெபம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மாலை மேவிஸ் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் சில நாளில் தோண்டிப் போடப்போகிற பாத்தியில்!

"எல்லாரும் உன்னத்தான் சொல்றாங்க. ஏன் வாயத் திறக்கல?" என்றாள் வெர்லீன். குரலில் கோபம்தான் வந்தது.

"திறந்து என்னத்தச் சொல்ல சிஸ்டர்? கோழிப் பண்ணை வாசனைய எந்தப் பூவால மறைக்க முடியும்? என் மூக்குக்குத் தெரிஞ்சது என் மூக்கோட இருக்கட்டும்." மேவிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பூவு மறுபடி வளரும். நீங்க இந்தச் சபையில வேர் விட்டவங்க. உங்களப் பிடுங்கி மறுபடி நட முடியுமா?"

வெர்லீன் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். பூவில் முந்தினாள், போதகர் வாயில் முந்தினாள், இப்போது இரக்கத்திலும் முந்திக்கொண்டாளே என்று வழியெல்லாம் பொருமினாள். வீடு வந்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பூவில் அவளை வெல்ல எரு இருந்தது. இதில் வெல்ல எதைப் போடுவது என்று தெரியவில்லை. வெல்ல வேண்டியதில்லை, அவளுடைய நல்ல பெயரைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்பது வெகுநேரம் கழித்துத்தான் மெதுவாக விளங்கியது.

விடுமுறைத் திங்களன்று சபை முழுவதும் ஆற்றங்கரையில் நண்டு விருந்துக்குப் போயிருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வெர்லீன் மண்வெட்டியோடு தேவாலயத்துக்கு வந்தாள். தான் வளர்த்த செடிகளை வேரோடு பெயர்த்தாள். எரு கலந்த மண்ணைக் கறுப்புத் தெரியாமல் போகும்வரை வெட்டி, தார்ப்பாயில் இழுத்து, பிக்கப் வண்டியில் ஏற்றினாள். பர்னெலின் சோளக்காட்டுக்கு அது உதவும். இடுப்பு பலமுறை கெஞ்சியது. ஒவ்வொரு முறையும் மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டு மறுபடி குனிந்தாள். மாலைக்குள் கிழக்கு மூலை வெறும் வெளிர் மணலாகக் கிடந்தது. ஒரு புல் பூண்டு இல்லை.

பிறகு மேற்குப் பாத்திக்கு நடந்தாள். ஒரு பலகையில் பெரிய எழுத்தில், "இதைத் தொடாதீர்கள். இந்த மண் சுத்தமானது. கோழி எரு போட்டது நான், என் பாத்தியில் மட்டும். வெர்லீன்" என்று எழுதி, நாளை வரும் ஆட்கள் கண்ணில் முதலில் படும்படி ஊன்றினாள். எழுதியதை மறுபடி படித்தால் கை பிடுங்கிவிடும் என்று பயந்து படிக்கவில்லை.

சிவப்புக் கதிர்களுக்கு இடையே இரண்டு களைகள் தலைகாட்டியிருந்தன. சுற்றிலும் வெறும் தார்த் தரை, சாத்திய கதவுகள். வெர்லீன் முழங்காலிட்டு அவற்றை வேர் அறுபடாமல் பிடுங்கினாள், கலைந்த மணலை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்தாள், எழுந்து வீட்டுக்குப் போனாள்.