சுதாஜினியின் தலைமயிர்: மூன்றாம் வரைவு

1.

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு சிறப்பிதழுக்கு ‘வன்னியின் வலி’ கேட்டார்கள். கைவசம் வலி இல்லை. அதே கிழமைதான் என் மனைவியின் தங்கை சுதாஜினிக்குத் தலைமயிர் கொட்டுவது எனக்குத் தெரியவந்தது. விடுவேனா?

முதல் தொடக்கம்: ‘யுத்தம் அவளது கார்குழலையும் விட்டுவைக்கவில்லை. உதிர்ந்த ஒவ்வோர் இழையும் ஒரு

ஒரு என்ன? யோசிப்பதற்குள் கதாநாயகி தாளைப் பறித்துவிட்டாள். ஜெயபுரத்தில் முன்பள்ளி ரீச்சர், பறித்துப் பழக்கம்.

“அத்தான், சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்? எனக்குக் கொட்டத் தொடங்கி ஆறு கிழமை. உந்தக் கார்குழலை வெட்டிப்போட்டுத் தலைமயிர் எண்டு எழுதுங்கோ.”

2.

இப்படி வாயடிக்கிறவள் பயப்படுவாளா என்று பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஆனால் அவள் மூன்று கலியாணவீடுகளுக்குப் போகவில்லை. தினமும் உச்சியைப் போனில் படமெடுத்து நேற்றையதோடு ஒப்பிடுகிறாள். திரும்ப முளைக்குமா? அவளுக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும்.

(என் தலை பதினைந்து வருடமாக வழுக்கை. ஒருவரும் காரணம் கேட்டதில்லை. அவளுக்கோ பக்கத்து வீட்டுப் பரமலிங்கத்தார் கிணற்றுத் தண்ணீர் என்றார், என் மனைவி ஷாம்பூ என்றாள், நான் வரலாறு என்றேன்.)

3.

மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் ஓர் இளம் பெண்.

“கிட்டடியிலை காய்ச்சல் வந்ததோ?”

“நாலு மாசத்துக்கு முன்னம் டெங்கு.”

டொக்டர் ஐம்பது மயிரளவு விரலிடுக்கில் பிடித்து மெதுவாக இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

“எப்ப தலை முழுகினனீங்கள்?”

“இண்டைக்கு விடியத்தான். ஆஸ்பத்திரிக்கு ஊத்தைத் தலையோடையே வாறது?”

“அப்ப விழவேண்டியதெல்லாம் உங்கடை கிணத்தடியிலை கிடக்குது. நாலு நாள் தலை நனைக்காமல், சீவாமல் வாங்கோ.”

4.

டொக்டர் விளக்கியதை வைத்து, அந்த நாலு நாளில் என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. (அ) இழுக்கக் கழன்று வந்தால், டெங்கு கொட்டவைத்தது, திரும்ப வரும். (ஆ) வராவிட்டால், பரம்பரை, உச்சி அகன்றுகொண்டே போகும். இலக்கியத்துக்கு இரண்டாவதுதான் நல்லது. வெட்கமில்லாமல் அதையே எழுதத் தொடங்கி

ஐந்தாம் நாள் டொக்டர் மறுபடி இழுத்தார்.

“எட்டு!” என்று சுதாஜினி கத்தினாள். வாசலில் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தன் மயிர் கழன்று வந்ததற்கு இப்படித் துள்ளிய பெண்ணை நான் கண்டதில்லை. எனக்கும் கைதட்டத் தோன்றியது.

“வேர் நுனியிலை வெள்ளைப் புள்ளி தெரியுதெல்லோ? காய்ச்சலுக்குப் பிறகு இப்பிடிக் கொட்டுறது. அநேகமாத் திரும்ப முளைக்கும். இரும்புச்சத்தும் தைரொயிட்டும் ஒருக்காப் பாப்பம்.”

“அநேகமா எண்டால், டொக்டர்?”

“பொறுத்துப் பாக்கோணும்.”

5.

இரத்தத்தில் குறையில்லை. மூன்று மாதம் பொறுத்தாள். இன்று காலை, இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கையில், ஜன்னலடியில் வந்து தலையைக் குனிந்தாள்.

“அத்தான், நெத்திக் கரையிலை பாருங்கோ. குட்டி மயிர். தெரியுதோ?”

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். ஏதோ கறுப்பாக இருக்கிறது. மயிரா, நிழலா? ‘முளைத்திருந்தது’ என்று எழுதிவிட்டால் கதைக்குள் முளைத்துவிடும். அவள் கேட்பதோ என் கண்ணை.

“சொல்லுங்கோவன்! கழுத்து நோகுது.”

வாசகரே, உங்களுக்கு என்னைவிட நல்ல பார்வை. கிட்ட வாருங்கள். ஜன்னல் திரையை விலக்கிவிட்டேன், அவள் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை.