உஷ் அண்ணன் அறையில் ஒரு சத்தம்

இந்தப் பல்கலைக்கழகத்தில் என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அந்த நேரம் பார்த்து, என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அங்கே, நானும் மகளும் இங்கே என்று போனிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். இது கிடைத்தால் ஒரே வீடு. கிடைக்காவிட்டால் அடுத்து எந்த ஊரோ, யார் கண்டது!

நேர்காணல் வீடியோவில். வீட்டில் மகள் அட்டகாசம். ஆபீசில் எல்லோரும் வாய் ஓயாதவர்கள். சத்தமே இல்லாத இடம் என்று மைக்ரோஸ்கோப் அறையில் போய் உட்கார்ந்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

அந்த அறைக்கு ராஜா எங்கள் டெக்னீஷியன் உஷ் அண்ணன். இந்த மைக்ரோஸ்கோப் படத்தை வரி வரியாகத்தான் எடுக்கும். பக்கத்தில் யாராவது சத்தம் போட்டால் அந்த நேரத்து வரி கோணிக்கொள்ளும். அதனால் யார் வாயைத் திறந்தாலும் "உஷ்" என்பார், பெயரே அதுவாகிவிட்டது. அவரோடு வேலை பார்த்துப் பார்த்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே எனக்குக் குரல் கிசுகிசுப்பாகிவிடும், உடம்பு அசையாது.

நேர்காணலிலும் அதேதான் நடந்தது. நான் பேசப் பேச, திரையில் இருந்த மூவரும் தங்கள் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார்கள்.

"மேடம், சத்தமே வரல. படமும் அப்படியே நின்னு போச்சு" என்றார் குழுத் தலைவர்.

படம் எங்கே நின்றது? நான்தான் சிலையாக இருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. குரலை உயர்த்தினேன், அடுத்த கேள்விக்கே மறுபடியும் கிசுகிசு. என் வாயே என்னைக் கெடுக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது.

மூவரில் ஓர் அம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அங்கே அந்தக் கருவியை இதுவரை கவனித்து வந்தவர், இப்போது ஓய்வு பெறப்போகிறவர்.

"நீங்க மெஷின் பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க?"

"ஆமாங்க."

"பாத்தீங்களா சார்! நானும் வீட்ல இப்படித்தான் பேசுறேன்னு தினம் திட்டு வாங்குறேன்."

தலைவர் சிரிக்கவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்றார். வேலை தேடி அலைந்தவர்களுக்கு இதன் அர்த்தத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் உஷ் அண்ணன் பொத்திப் பொத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாதி வந்திருந்தது. என் கையில் போன் மினுங்கியது. அந்த அம்மா.

"சொல்லுங்க" என்றேன், காற்றாக.

"இப்பவும் அங்கதான் இருக்கீங்களா? உங்களத்தான் எடுத்திருக்கோம். தலைவரே சரின்னுட்டாரு. கிளம்பி வாங்க!"

"ஐயோ, கிடைச்சிருச்சு!" என்று கத்திவிட்டேன். அந்த அறை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை.

திரையில் வரிகள் தாறுமாறாகக் கோணின. உஷ் அண்ணன் துள்ளி எழுந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"எந்த ஊரும்மா?"

"அவர் ஊருதாண்ணே!"

"அப்படிப் போடு!" என்று அவர் போட்ட கூச்சலில் மிச்சப் படமும் பாழாய்ப் போனது.

உடனே வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"என்ன, இவ்ளோ சத்தமா பேசுற? ரூம்ல இல்லையா?"

"ரூம்லதாங்க இருக்கேன்! மூணு பேருக்கு வீடு பாருங்க!"