சுருட்டுக்குள் ஒரு ஜனவரி

மே மாதத்து உச்சிவெயிலில், குன்னூரில், என் வீட்டு முன்னறையில் உறைபனி பெய்துகொண்டிருந்தது, வானத்திலிருந்து அல்ல, என் விரலிடுக்கில் கனிந்துகொண்டிருந்த கியூபாச் சுருட்டின் நுனியிலிருந்து, சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள், நெருப்பு வைத்துப் பனியை வரவழைத்த மனிதன் மூன்று லோகத்திலும் நான் ஒருவன்தான், சோபா வெளுத்தது, சுவர்க் கடிகாரம் விறைத்து நின்றது, செய்தித்தாளின் எழுத்துகள் குளிர் தாங்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, இதைச் சொன்னதும் என் மனைவி கமலவேணி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலொண்ணும் காணமுங்கண்ணா, வழக்கமான பொய்தானுங்க என்று எதிரில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனாள், அவள் நம்பவேண்டாம், ஊர் நம்பவேண்டாம், எதிர் நாற்காலியில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஞானாபரணம் நம்பினால் போதும், அவரோ, வெறும் புகைவே, ஒண்ணுமில்ல, சும்மா அளக்காதீரும் என்கிறார், நாளைக் காலையில் அவர் வீட்டுச் சாமான்களை ஏற்ற லாரி வருகிறது, கட்டிலைப் பிரித்தாயிற்று, பாத்திரங்களைச் சாக்கில் கட்டியாயிற்று, மலையிறங்கி நாசரேத்தில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார், திரும்பி வருவதாக இல்லை, நானும் விடுவதாக இல்லை.

நாங்கள் வேலையில் இருந்த காலம், ஏல நிறுவனத்தில் தேயிலை ருசிபார்க்கும் அறை, வடக்கு பார்த்த ஜன்னல், நீள மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசைகட்டி ஆவி விடுகின்றன, மேசைக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் ஞானாபரணம், கரண்டியில் மொண்டு, சர்ரென்று உறிஞ்சி, அண்ணத்தில் அடித்துத் துப்பிவிட்டு அடுத்த கிண்ணம், நான் உறிஞ்சினால் வெல்லிங்டன் பட்டாளத்துக் குதிரைகள் காதை நிமிர்த்தும், நான் முகம் சுளித்தால் கோத்தகிரியில் யாரோ ஒரு தொழிற்சாலை மேலாளர் நாற்காலியோடு கவிழ்வார், அந்த நாக்குக்காக நாங்கள் இருந்த விரதத்தைப் பழனிக்குக் காவடி எடுப்பவனும் இருக்கமாட்டான், வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, வாசனைச் சோப்பு கிடையாது, புகை என்ற பேச்சே கிடையாது, கல்யாணமான புதிதில் கமலவேணி தலைநிறைய மல்லிகை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள், நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன், அதற்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன், அப்படிப்பட்டவனிடம் போய் ரோட்டர்டாமிலிருந்து வந்த தேயிலைக்காரர் ஒருவர் தேவதாரு மரப்பெட்டியை நீட்டுகிறார், உள்ளே மேலும் கீழுமாக இரண்டு தட்டு, தட்டு நிறையக் கியூபாச் சுருட்டு, ஒல்லியானவை, வெளிறிய தவிட்டு நிறத்தில் இலை, இருப்பதிலேயே சாதுவான ரகம், நாக்கு உள்ளவனிடம்தான் இது பேசும், மற்றவனுக்கு வெறும் காற்று என்றார், இப்போது தொடமாட்டேனே என்றேன், தொடாதே, வைத்திரு, வைக்க வைக்க நல்லது என்றார், அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன், ஓய்வு பெறுகிற நாள் சாயங்காலம் முதல் சுருட்டு, அதுவரை இவற்றை உயிரோடு வைத்திருந்து காட்டுகிறேன், ஞானாபரணம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஓய், இது குன்னூருவே, ஒரு மழைக்குத் தாங்காது, காளான் முளைச்சிப் பொரியல் வைப்பீரு என்றார்.

வைத்திருந்தேன், ஒரு ராஜகுமாரனை வளர்ப்பதுபோல, சுருட்டுக்கு ஈரம் கூடினால் பூஞ்சை, குறைந்தால் இலை வெடித்துப் பொடி, இரண்டுக்கும் நடுவே மயிரிழை அகலத்தில் ஒரு பாதை, அதன்மேல் நான் வருஷக்கணக்காக நடக்கிறேன், ஜூன் பிறந்தால் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்கிற ஊர் இது, ஆகவே அலமாரிக்குள் ஒரு சின்னப் பல்பு எப்போதும் எரியும், பிப்ரவரியின் வறண்ட காற்றுக்குக் கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த பஞ்சு ஒரு மூலையில், ஈரம் காட்டும் முள் ஒன்றைப் பெட்டிக்குள் பதித்திருந்தேன், அது நகர்ந்தால் எனக்குத் தூக்கத்திலேயே தெரியும், சுருட்டுகளை ஒரே பக்கம் படுக்கவிடாமல் புரட்டிப் போடுவேன், ஒருமுறை இலையில் குண்டூசி முனையளவு ஓட்டை, வண்டு, அத்தனையையும் உறையில் சுற்றி ஃப்ரிட்ஜின் பனிப்பெட்டியில் வைத்தேன், ஏனுங்க, தோசைமாவு வெக்க எடமில்லாம நானு அல்லாடறேன், நீங்க சுருட்டுக்குக் குளுருதா வேர்க்குதான்னு கேட்டுட்டு நிக்கறீங்க, எம் மாமியாருக்குக்கூட இப்பிடிப் பண்டுதம் பாத்ததில்லீங்க என்கிறாள் கமலவேணி, வண்டு செத்தது, சுருட்டு பிழைத்தது, மேலே மெல்லிய வெள்ளைப்பூச்சு படர்ந்தது, அது பூஞ்சை இல்லை, இலையின் எண்ணெய் கசிந்து பூக்கும் பூ, பூஞ்சைதாம்வே என்று ஞானாபரணம் சாதிக்கிறார், தூரிகையால் தட்டிக் காட்டினேன், தூளாக உதிர்ந்தது, கறை இல்லை, அப்படியும் ஒப்புக்கொள்ளவில்லை, அவருக்கு ஒப்புக்கொள்வது என்பது பல்லைப் பிடுங்குவது.

பிறகு அந்த ஜனவரி, நாங்கள் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்ற கடைசி ஜனவரி, விடியலில் புல்லெல்லாம் உப்பு தூவியதுபோல் உறைபனி, பனிக்குக் கருகிவிடாமல் தப்பிய தளிரைப் பறித்துச் செய்த தேயிலை கிண்ணத்தில், பனிக்காலத் தேயிலைக்கு மட்டும் ஒரு வாசனை உண்டு, பல் தேய்த்த வாயால் குளிர்காற்றை உள்ளிழுத்ததுபோல, பூ மாதிரி, பூவும் இல்லை, நான் உறிஞ்சினேன், குற்றமே இல்லை என்றேன், ஞானாபரணம் உறிஞ்சினார், துப்பவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றார், ஓய், அருமைதான், ஆனா அடியில தைலமர வாசம் இருக்கு, தோப்பு ஓரத்துச் சரிவுல பறிச்சிருக்கான் என்றார், தைலமுமில்லை மரமுமில்லை என்றேன், இருக்குவே, இல்லையய்யா, இருக்குங்கேன், அவர் ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்ட காலம், உம்ம மூக்குலதான்வே தைலம் என்றேன், அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டார், பேச்சே நின்றுபோனது, மிச்சமிருந்த மாதிரித் தேயிலையை நான் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், என்றைக்காவது ஒருநாள் இந்த மனிதனை உட்காரவைத்துத் தோற்கடிப்பதற்காக.

ஓய்வு பெற்ற சாயங்காலம் அவரே வந்தார், பேச்சை முறித்ததை மறந்தவர்போல, எங்கவே உம்ம ராஜகுமாரன் என்றார், மேல்தட்டிலிருந்து இரண்டு எடுத்தேன், நுனியைச் சீவி, பற்றவைக்காமலே முதலில் ஓர் இழுப்பு, வைக்கோல், காய்ச்சாத பால், சீவிய மரம், பிறகு தீக்குச்சியைத் தொடாமல் தூரக் காட்டிச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றி, புகையை விழுங்காமல் வாய்க்குள் தேநீர்போல உருட்டினேன், முதல் பாகத்தில் பாலேடு, நடுவில் வறுத்த முந்திரி, கடைசியில் மிளகு ஒரு பொட்டு, எதுவும் கத்தவில்லை, எல்லாமே காதோடு சொல்லப்பட்டது, அந்தப் புகை சிம்ஸ் பூங்கா வரை போய் அங்கிருந்த ரோஜாக்களை வெட்கப்படுத்தியது என்றேன், ரோஜா கெடக்கட்டும், முந்திரின்னு சொல்லுதீரே, அது நிலக்கடலவே என்றார், இருவரும் சிரித்தோம், அந்தச் சிரிப்போடு சரி, அதற்கப்புறம் மழை, அவருக்குக் காய்ச்சல், பத்தியம், எழுந்து வந்தபோது ஆள் பாதி, கமலவேணி கொடுத்த தேநீரை ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு என்னிடம், அவளுக்குக் கேட்காமல், ஓய், சுடுது, அம்புட்டுதான், வேற ஒண்ணுந் தெரியலவே, மழை மணக்கல, மண்ணு மணக்கல, காலைல சட்டினி கருகுனது தெரியாம தின்னுருக்கேன் என்றார், ஒரு மலையையே மோந்து பார்த்துப் பெயர் சொன்ன மூக்கு, அதற்குள் யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வரவைக்கிறேன் என்றேன், எப்படி என்று எனக்கே தெரியாது, ஆனால் சொல்லிவிட்டேன், வாரம் ஒரு சுருட்டு, உறைப்பான சுருட்டு யாருக்கும் தெரிந்துவிடும், அது தொண்டையில் அடிக்கிற அடி, அது வாசனை இல்லை, இந்தச் சாதுச் சுருட்டை உணர்ந்தால்தான் மூக்கு திரும்பியதாகக் கணக்கு, ஒவ்வொரு வாரமும் அவர் இழுப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், புகைவே என்பார், அடுத்த வாரம், புகைவே, அந்த மழைக்காலத்தில் மின்கம்பத்தின்மேல் மரம் விழுந்து ஊரே இருட்டில் கிடந்தது, அலமாரிப் பல்பு செத்துவிட்டது, முள் ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது, பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்ச ஏதாவது வேண்டும், தேயிலைக்காரன் கைக்கு என்ன அகப்படும், உலர்ந்த தேயிலைதான் அகப்படும், அதைப்போல ஈரம் குடிக்கிற சரக்கு உலகில் இல்லை, அந்த ஜனவரி டப்பாவைத் திறந்து, தேயிலையை மல் துணியில் முடிந்து, கீழ்த்தட்டில் சுருட்டுகளுக்கு நடுவே செருகினேன், பெட்டி பிழைத்தது, மின்சாரம் வந்தது, நான் மூட்டையை மறந்தேன், தேயிலைப் பக்கத்தில் எதையும் வைக்காதே, அது எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று ஆயுசு முழுக்கப் பிறருக்குச் சொன்ன மனிதனுக்கு, சுருட்டும் அதே சாதிதான் என்பது தோன்றவே இல்லை, மேல்தட்டு தீர்ந்துகொண்டே வந்தது, புகைவே, புகைவே, ஏப்ரலில் ஒருநாள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாசமில்லாத மலையில எதுக்குவே குளிருல கெடக்கணும், மவன்கிட்டப் போறேன், அங்ஙன வெயிலாவது அடிக்கும் என்றார்.

போக விடமாட்டேன் என்றுதான் இன்று கீழ்த்தட்டைத் திறந்தேன், மல் துணி மூட்டை என்னைப் பார்த்துச் சிரித்தது, சுருட்டுகளை மோந்தேன், அந்த ஜனவரித் தேயிலையின் வாசனை, என் முதுகில் குளிர் ஏறியது, ஒன்றை எடுத்துக்கொண்டு மூட்டையைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன், பற்றவைத்தேன், அந்தக் கணம்தான், சோபா வெளுத்தது, கடிகாரம் நின்றது, மே மாதத்துக்குள் ஜனவரி பெய்தது, பனி பெய்யுதய்யா ஞானம் என்று கத்தினேன், அதற்குத்தான் கமலவேணி நெற்றியைத் தொட்டாள், அதற்குத்தான் அவர் அளக்காதீரும் என்றார், இந்தாரும், நீரே இழுத்துப் பாரும் என்று நீட்டினேன், கடைசித் தடவவே, உம்ம திருப்திக்கு என்று வாங்கிக்கொண்டார், ஓர் இழுப்பு, ஜன்னலைப் பார்த்தபடி வெளியே விட்டார், இன்னோர் இழுப்பு, மூன்றாவதில் அவர் உதடு குவிந்தது, சர்ரென்று ஒரு சத்தம், கிண்ணத்தில் உறிஞ்சுகிற அதே சத்தம், மேசைக்கு அந்தப்பக்கத்துச் சத்தம், வாய்க்குள் புகையை உருட்டுகிறார், வெளியே விடவில்லை, கண்ணை மூடிக்கொள்கிறார், வெள்ளைக் கிண்ணங்கள் எங்கள் நடுவே வரிசைகட்டி ஆவி விடுகின்றன, மூக்குத்துவாரம் ஒருமுறை விரிந்தது, ஓய் என்றார், நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன், ஓய், தைலமரம்வே, என்னது என்றேன், அடியில தைலமர வாசம் இருக்கு, அன்னைக்கும் இருந்துச்சு, நீருதான் இல்லன்னு சாதிச்சீரு, தோப்பு ஓரத்துச் சரிவு, அதே சரக்கு, எப்படிவே சுருட்டுக்குள்ள போச்சு, நான் சட்டைப்பையிலிருந்து மூட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், அவர் அதை மூக்கோடு அழுத்திக்கொண்டார், நான் சுருட்டை வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தேன், பனி இருக்கிறது, தைலமரம் இல்லை, அவருடைய கர்த்தர் சாட்சியாக இல்லை, எனக்கொண்ணும் தெரியலையே என்றேன், அப்ப உம்ம மூக்குதான்வே போச்சு, டாக்டரப் பாரும் என்று சிரித்தார், மூட்டைக்குப் பின்னால் அவர் கண் நனைந்திருந்தது, தோற்கடிக்கச் சேர்த்துவைத்த தேயிலையால் தோற்றேன், அப்படி ஒரு தோல்வி உலகத்தில் எவனுக்கும் வாய்த்திருக்காது.

கமலவேணி வாசற்படியில் வந்து நின்று, ஏனுங்கண்ணா, நாளைக்கு லாரிக்காரங்களுக்குஞ் சேத்து இட்டிலி ஊத்தறதுங்களா என்று கேட்கிறாள், இவிக இன்னும் பனி பேஞ்சுதுன்னுதான் சொல்றாங்களா என்கிறாள், சுருட்டின் நுனியில் நீண்டிருந்த சாம்பல் ஒடிந்து, வெள்ளையாக, மெதுவாக, மூட்டையை மோந்தபடி என் பக்கம் குனிந்திருந்த ஞானாபரணத்தின் கம்பளித் தொப்பியின்மேல் விழுந்தது, அவர் தட்டிவிடவில்லை, சுருட்டை என் கையிலிருந்து மறுபடி பிடுங்கிக்கொண்டு, இட்டிலி எனக்கு மட்டும் ஊத்தும்மா, லாரிக்காரனுக்கு போன் போட்டு வேண்டாம்னு சொல்லணும் என்றார், பிறகு, பல்லைப் பிடுங்குகிறவர்போல முகத்தைச் சுளித்து, என்னைப் பார்க்காமல், ஆமாம்மா, பனி பேஞ்சுதுதான், நானும் இங்ஙனதான இருந்தேன் என்றார்.