வாரிஜா அம்மாளின் ஏழாவது வரைவு

1

இதை நான் கதையாக எழுத ஆரம்பிக்கவில்லை. நாலு வரிச் செய்தியாகத்தான் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரம்மா வாரிஜா ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மொச்சை போட்ட உப்பிட்டை, நம் உப்புமாவைத்தான், தட்டு போட்டு மூடி எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். மைசூரில் அவர் வீட்டு மாடியில் நான் குடிவந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. உப்பிட்டு மாடியேறி வந்தால் பின்னாலேயே ஒரு காரியமும் வரும் என்பது எனக்குத் தெரியும்.

"சுவாமி, நீங்க கதை எழுதறவரு. எனக்கு நாலு வரி எழுதிக் கொடுங்க. சத்சங்க குரூப்ல இருந்து விலகறேன்னு சொல்லணும். யாருக்கும் மனசு நோகக் கூடாது" என்றார். பிறகு ஸ்பூனைத் துடைத்துக் கொடுத்தபடி சொன்னார்: "ஒருத்தருக்கு மட்டும் கொஞ்சம் நோகணும்."

நாலே வரிதானே, உப்பிட்டு ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். என் அகம்பாவத்தை என்னவென்று சொல்வது.

2

கதையாக எழுதலாம் என்று முடிவானபின் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அதிகாலை ஐந்தரை மணி. மைசூர்மேல் மூடுபனி மெல்ல — [வேண்டாம். என் கதை எல்லாவற்றிலும் மூடுபனி வந்துவிட்டது. பால்காரர்கூடக் கேலி செய்கிறார்.]

ஆன்மிகம் கைபேசிக்குள் குடியேறிவிட்ட இக்காலத்தில், தனிமனிதனின் — [இது கட்டுரை. நானே படிக்க மாட்டேன்.]

வாரிஜாவுக்கு அறுபத்திரண்டு வயது. தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து நாலு வருஷம். ஒரே மகள் சிந்தூரா பெலகாவியில் இருக்கிறாள். [இது இருக்கட்டும். மூடுபனி இல்லை, உண்மையாகவும் இருக்கிறது.]

3

அவர் இருந்த கூட்டத்தின் பெயர் நிச்சலானந்த சத்சங்கம். தினமும் காலை ஆறு மணிக்குத் திரையில் கூடுவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். குருஜி கண்ணை மூடுவார், எல்லோரும் மூடுவார்கள். முக்கால் மணி நேரத்துக்கு இருநூறு ஜோடி மூடிய கண்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரியும். யாராவது ஒருவர் ஒலியை அணைக்க மறந்து, அவர் வீட்டுக் குக்கர் குருஜியின் மௌனத்தின் நடுவே விசில் அடிக்கும்.

ஆறு மணிக்கு முன்னால் இன்னொரு ஏற்பாடு உண்டு. கதை அதில்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு 'எழுப்புத்துணை'. சரியாக ஐந்தரைக்கு ஒருவர் மற்றவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுபவர், "எழுந்தீங்களா?" என்பார். மற்றவர், "எழுந்தேன்" என்பார். அவ்வளவுதான், வைத்துவிட வேண்டும். மூன்றாவது வார்த்தை கூடாது, அங்கத்தினர்கள் தங்களுக்குள் வேறெந்த வகையிலும் பேசக் கூடாது. பேச்சு பாசத்தை வளர்க்கும், பாசம் கட்டிப்போடும் என்பது குருஜியின் போதனை.*

வாரிஜாவின் துணை சிர்சிப் பக்கத்து ஜலஜாக்ஷி. மூன்று வருஷமாகத் தினம் ஒரு வார்த்தை. இவர் கேட்பார், அவர் எழுந்தேன் என்பார். ஆனால் வாரிஜாவின் காது தொலைபேசி நிலையத்துக் காதாயிற்றே. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாலிருந்து ஒரு வீட்டையே அவர் கட்டிவிட்டார். கோழி வளர்க்கிறார்கள். தண்ணீர் மோட்டார் பழசு. ஒரு ஆண்குரல் இருமும். மழைக்காலத்தில் கூடுதலாக இருமும். ஜலஜாக்ஷிக்கு இடது பக்கம் ஒரு பல் இல்லை. "முகம் பார்த்துப் பழகின சொந்தக்காரங்களைக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது" என்று என்னிடம் சொன்னார்.

* [இதில் நான் கிண்டலாக ஏதோ எழுதி அடித்துவிட்டேன். நானும் பத்தொன்பது வருஷமாக மாடியிலிருந்து 'நல்லா இருக்கீங்களா' என்று மட்டும் கேட்டவன்தான்.]

4

ஒருநாள் ஜலஜாக்ஷி எழுந்தேன் என்று சொன்ன விதத்தில், அழுது முடித்த மூக்கு இருந்தது. வாரிஜாவால் வைக்க முடியவில்லை. "என்னாச்சு அம்மா, அழுதீங்களா?" என்று கேட்டுவிட்டார். மூன்று வருஷத்தில் முதல் முறையாக மூன்றாவது வார்த்தை, நான்காவது, ஐந்தாவது. அந்தப் பக்கம் உடனே வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் சத்சங்கத்தில் 'தெளிவு' என்று ஒரு சடங்கு. அந்த வாரம் மனம் எங்கெங்கே வழுக்கியது என்று எல்லோரும் பார்க்கும்படி குரூப்பில் எழுத வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஜலஜாக்ஷி எழுதினார்: 'என் எழுப்புத்துணை என்னிடம் உலக விஷயம் கேட்டார். அது என் மனதைக் கலைத்தது.' உடனே நிர்வாகி ஸ்ரீவத்ஸ ராவ், ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர், வாரிஜாவின் துணையை மாற்றினார். புதுத்துணை தும்கூர்க்காரர் ஒருவர். அவருடைய எழுந்தேனில் சத்தியமாகத் தூக்கம்தான் இருந்தது.

வாரிஜா பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் உப்பிட்டு மாடியேறி வந்தது.

5

ஆறு வரைவுகள் எழுதினேன். குரூப்பின் பாஷை பிடிபட வேண்டும் என்று என்னையும் புதுச் சாதகனாக அதில் சேர்த்துவிட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உங்களுக்கு உதவும்.

முதல் வரைவு: 'அன்புள்ள சாதகர்களே, பயணத்தில் ஒரு திருப்பத்தில்...' படித்துவிட்டு, "நான் என்ன பஸ்ஸா?" என்றார். இரண்டாவதில் நன்றி அதிகம். மூன்றாவதில் கோபம் அதிகம். அதை இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்டுவிட்டு வேண்டாம் என்றார். நான்காவது ரொம்ப அழகாக இருக்கிறது, ஆகையால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். ஐந்தாவதில் ஜலஜாக்ஷி பெயரை நேரடியாகப் போட்டேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு சரியில்லை.

"நான் கேட்டது தப்புன்னு அவங்க நினைக்கட்டும், சுவாமி. போகட்டும். ஆனா எதுக்கு அழுதாங்கன்னு எனக்குத் தெரியணுமே. தெரியாம நான் எப்படிப் போவேன்" என்றார்.

ஆறாவது வரைவை முடித்துக் கீழே எடுத்துப்போனபோது அவர் ஏற்கெனவே விலகிவிட்டிருந்தார். செய்தியில்லை, வணக்கமில்லை, பொத்தானை அழுத்தி வெளியே வந்துவிட்டார். என் ஆறு வரைவும் குப்பை.

6

இப்போது நடந்ததை எந்தக் கதாசிரியனும் யோசித்திருக்க முடியாது. அந்தக் கூட்டத்தால் மட்டுமே செய்ய முடிந்த தவறு அது.

அந்த சத்சங்கத்தை விட்டு உயிரோடு யாரும் விலகியதில்லை. ஐந்து வருஷத்தில் பதினொரு பேர் போனார்கள், பதினொருவரும் இறந்தவர்கள். காரியம் முடிந்ததும் பிள்ளைகள் அம்மாவின் கைபேசியை எடுத்து ஒவ்வொரு குரூப்பாக வெளியேறுவார்கள். இன்னார் விலகினார் என்று வரி வரும். ஸ்ரீவத்ஸ ராவ் வெள்ளைத் தாமரைப் படம் போடுவார். வாரிஜா விலகினார் என்று வரி வந்த நாலாவது நிமிஷம் தாமரை வந்துவிட்டது. 'வாரிஜா அம்மா குருபாதத்தில் கலந்தார். வெள்ளிக்கிழமை மௌன அஞ்சலி.' கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

ஒரே ஒருவர் போன் போட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். போடவில்லை. விதி அப்படி.

நான் அப்போதே எழுதியிருக்கலாம்: 'ஐயா, அந்த அம்மா கீழே துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருக்கிறார்.' எழுதவில்லை. இரண்டு மணி நேரம் சும்மா இருந்தேன். [காரணம் சொல்லியாக வேண்டும். கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது.]

பிறகு போய்ச் சொன்னேன். வாரிஜா முறத்தைக் கீழே வைத்தார்.

"எந்த போட்டோ போட்டிருக்காங்க?"

காட்டினேன். சிந்தூராவின் கல்யாணத்தில் எடுத்தது. அந்தப் புடவை தனக்கு எடுப்பாகவே இருக்காது என்றார். பிறகு கூப்பிய கைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், கடைசிவரை.

"ஜலஜாக்ஷி ஒண்ணும் போடலை" என்றார். தான் செத்துப்போன செய்திக்குக் கலங்காதவர், இதற்குக் கலங்கினார். நான் குரூப்பில் உண்மையை எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும்" என்றார்.

7

மறுநாள் காலை ஐந்தரைக்கு வாரிஜாவின் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. ஜலஜாக்ஷியிடமிருந்து ஒரு குரல்பதிவு.

அங்கத்தினர்களோடு பேசத்தான் தடை. இறந்தவர்கள் அங்கத்தினர்கள் இல்லையே.

அதை எனக்குப் போட்டுக் காட்டினார். கேட்டபடியே இங்கே இறக்குகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை:

"வாரிஜா அம்மா, ஜலஜாக்ஷி பேசறேன். இனி பேசலாம்னு நினைக்கறேன். அன்னைக்கு நீங்க கேட்டீங்கல்ல. என் வீட்டுக்காரரு அன்னைக்குத்தான் முதல் தடவையா என்னை மறந்தாரு. காபி கொடுத்தேன். ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க, நீங்க எந்த ஊரு அம்மான்னு கேட்டாரு. நாப்பத்தோரு வருஷம். எனக்கு யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. நான் போய் உங்களைப் பத்தி எழுதிட்டேன். பயந்துட்டேன் அம்மா. கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவேனோன்னு பயம்."

பின்னால் கோழி. இருமல். மோட்டார். எல்லாம் வாரிஜா சொன்னபடியே இருந்தன. பல் ஒன்று இல்லாததுகூட எனக்குக் கேட்டது.

வாரிஜா வாய்விட்டு அழுதார். அழுது முடித்தபின்தான் ஒன்று உறைத்தது: குரல்பதிவைக் கேட்டுவிட்டால் அனுப்பியவர் திரையில் அந்தச் சின்ன மைக் நீலமாகிவிடும். ஆகிவிட்டது.

ஆனாலும் அடுத்த நாளும் பதிவு வந்தது. அதற்கடுத்த நாளும். புருஷன் ஜலஜாக்ஷியைப் பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்து, நேரமாகிறது உங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று மரியாதையாக அனுப்பிவைத்த கதை. இவர் கொல்லைவழியாகச் சுற்றித் திரும்பி வந்த கதை. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இங்கே வாரிஜாவும் சிரித்தார். பேசப் பேச அந்தக் குரல் லேசாகிக்கொண்டு வந்ததை நானே கேட்டேன். ஒவ்வொரு பதிவும் நீலமாகிக்கொண்டிருந்தது.

8

வழக்கமாக இந்த இடத்தில் முடிவு வரும். மூன்று தயார் செய்து எடுத்துப்போனேன்.

ஒன்று: வாரிஜா கூப்பிட்டு உயிரோடு இருக்கிறேன் என்கிறார். ஜலஜாக்ஷி கூசிப்போகிறார்; சனிக்கிழமை அதையும் தெளிவில் எழுதிவிடுகிறார். இரண்டு: வாரிஜா இறந்தவராகவே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தினம் ஒரு பதிவு வருகிறது, இருவருக்கும் நிம்மதி. மூன்று: மகள் சிந்தூராவாக நடித்து —

"நிறுத்துங்க" என்றார் வாரிஜா. "ஒண்ணுல அவங்க என்னை விட்டுப் போயிடுவாங்க. ரெண்டுல நான் அவங்களை ஏமாத்தறேன். மூணு உங்க மூஞ்சி மாதிரி இருக்கு."

பிறகு அன்று காலை வந்த பதிவைப் போட்டார். ஐந்தாவது அது. மற்றவற்றைவிடச் சின்னது.

"நேத்துப் பேசினதும் நீலமாச்சு. உங்க மகளா இருந்தா, மன்னிச்சுக்கோ தாயே, இந்தக் கிழவி பேசினதை அழிச்சிடு." கொஞ்ச நேரம் கோழி மட்டும். பிறகு மூன்று வருஷமாக இந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே போய்க்கொண்டிருந்த கேள்வி, அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"எழுந்தீங்களா?"

9

இன்று காலை ஐந்தரைக்கு என்னைக் கீழே வரச்சொல்லியிருந்தார். போனேன். கைபேசியில் ஒரே ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஏழாவது வரைவு, நான் எழுதியது இல்லை.

எழுந்தேன்

அதை அழிப்பார், மறுபடி எழுதுவார். அழிப்பார், எழுதுவார். அனுப்பவில்லை. கடைசியில் கைபேசியை என்னிடம் நீட்டி, "என் கை வரலை சுவாமி, நீங்க அனுப்புங்க" என்றார்.

ஆறு வரைவு எழுதி ஒன்றும் உதவாதவன் நான். அவரைச் சாகவிட்டு இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்தவன். இந்த ஒன்றில் என் விரல் படக் கூடாது. அதனால் கைபேசியை இந்தப் பக்கத்தின்மேல், உங்கள் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் வைக்கிறேன். அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

ரொம்ப யோசிக்காதீர்கள். இவர் அழித்து அழித்து எழுதிய அவ்வளவு நேரமும், சிர்சியில் ஒரு திரையில், இறந்துபோன வாரிஜாவின் பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்' என்று தெரிந்திருக்கும். அந்த அம்மா கைபேசியைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஜலஜாக்ஷி என்ற பெயர் தெரிந்தவர் அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

நான் போய் நம் மூன்று பேருக்கும் காபி போடுகிறேன்.